தோட்டக் கேள்வி பதில்: குளிரைக் கேக்குற விதை

போன இதழ்ல மொனார்க் பட்டாம்பூச்சிக்கு மில்க்வீட் செடி வைங்கன்னு போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விங்களைப் பாத்தா இந்த மாசம் தக்காளியும் இல்ல முருங்கையும் இல்ல, முழுக்க மில்க்வீட்தான். புதுசா படிக்கிறவங்களுக்கு: ஆரஞ்சு கலர்ல கறுப்புக் கோடு போட்ட பெரிய பட்டாம்பூச்சி ஒண்ணு கோடைக்காலத்துல நம்ம ஒண்டாரியோ பக்கம் சுத்துமே, அதான் மொனார்க். அது எந்தப் பூவுல வேணா தேன் குடிக்கும், ஆனா அதோட புழு மில்க்வீட் (முறிச்சா பால் வர்ற இந்த ஊர்ச் செடி) இலையைத் தவிர வேற எதையும் தின்னு வளராது. கனடா அரசு 2023 டிசம்பர்ல இதை அழியுற ஆபத்துல இருக்குற உயிரினம்னு சட்டப் பட்டியல்ல ஏத்திடுச்சு. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

ஸ்கார்பரோ வாசகி: வணக்கம் அண்ணை. மாசி மாதம் மில்க்வீட் விதை ஒரு பைக்கற் வாங்கி, நல்ல மண் போட்டு, ஹீற்றருக்குப் பக்கத்தில யன்னலடியில வைச்சனான். ஒவ்வொரு நாளும் தண்ணி தெளிச்சு ஒரு மாதத்துக்கு மேல பார்த்தாச்சு, ஒண்டும் முளைக்கேல்லை. இந்தக் குளிருக்குள்ள கறிவேப்பிலையையே பத்து வருசமா காப்பாத்தி வைச்சிருக்கிறன், இது மட்டும் ஏன் சரிவரேல்லை? விதை பழசோ?

விதை பழசா இருக்க வாய்ப்பு கம்மி அக்கா, ஹீட்டர்தான் வில்லன். கறிவேப்பிலையை வளர்த்த கை எதுக்கும் சூடு குடுத்துத்தான் பழகியிருக்கும், ஆனா மில்க்வீட் நேர் எதிர், அது இந்த ஊர்லயே பொறந்து இந்தப் பனியிலயே வளர்ந்த செடி. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, காய் வெடிக்கிறது செப்டம்பர் அக்டோபர்ல, அப்போ கீழ விழுந்த விதை அந்த மாசத்து மிச்சம் மீதி வெயிலைப் பாத்து உடனே முளைச்சுட்டா நவம்பர் உறைபனியில பொட்டுன்னு போயிடும், அதனால விதைக்குள்ளயே ஒரு பூட்டு இருக்கு. ஈரத்தோட சேந்து பல வாரம் குளிரை அனுபவிச்சாத்தான் அந்தப் பூட்டு திறக்கும், அதுக்கப்புறம் சூடு பட்டா முளைக்கும். இதுல ஈரம் முக்கியம், பாக்கெட்டோட காய்ஞ்ச விதையை ஃப்ரிட்ஜ்ல போட்டுட்டு 'நானும் குளிர வச்சேன்'னு சொல்றவங்க நிறைய, அது கணக்குல வராது.

செய்முறை ரொம்ப சிம்பிள். ஒரு பேப்பர் டவலை நனைச்சு நல்லா பிழிஞ்சுடுங்க, தண்ணி சொட்டக் கூடாது. அதுல விதைங்களை ஒண்ணு மேல ஒண்ணு படாம பரப்பி மடிச்சு ஜிப்லாக் பையில போட்டு, ஃப்ரிட்ஜ்ல காய்கறி வைக்கிற டிராயர்ல வைங்க. ஃப்ரீசர்ல இல்ல. ஒண்ணுலேர்ந்து அஞ்சு டிகிரி செல்சியஸ் போதும். பேப்பர் டவலுக்குப் பதிலா ஒரு பிடி ஈர மணலும் போடலாம், பூஞ்சை கம்மியா வரும். பை மேல தேதியும் பேரும் எழுதிடுங்க, இல்லன்னா வீட்ல யாராவது ஏதோ மிச்சம் மீதின்னு குப்பையில போட்டுடுவாங்க. குறைஞ்சது 30 நாள், ரெண்டு மாசம் வரைக்கும் விட்டாலும் நல்லதுதான். வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்க, பூஞ்சை தெரிஞ்சா விதையைக் கழுவி டவலை மாத்துங்க, வெள்ளையா வேர் எட்டிப் பாத்தா நாள் கணக்கெல்லாம் பாக்காம உடனே மண்ணுக்கு மாத்திடுங்க.

அதுக்கப்புறம்தான் உங்க ஜன்னலோரம். விதைக்கிற கலவை மண்ணுல அரை சென்டிமீட்டர் ஆழம் போதும், அதுக்கு மேல புதைக்காதீங்க. அறை இருபது, இருபத்தஞ்சு டிகிரியில இருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல முளைக்கும். நாத்து வந்ததும் மேலேர்ந்து தண்ணி ஊத்தாம தட்டுல ஊத்தி கீழேர்ந்து உறிஞ்ச விடுங்க, தண்டு அடியில கறுத்து சாஞ்சு விழுற வியாதிக்கு அதுதான் மருந்து. நல்ல வெளிச்சமும் வேணும், இல்லன்னா நூல் மாதிரி நீண்டுடும்.

டொராண்டோ சுத்துவட்டாரத்துக்கு நான் வச்சிருக்கிற காலக்கணக்கு இதுதான்: பிப்ரவரி கடைசி இல்ல மார்ச் முதல் வாரம் ஃப்ரிட்ஜ், ஏப்ரல்ல தொட்டி, விக்டோரியா டே (மே பிற்பாதியில வர்ற லீவு நாள்) தாண்டினதும் வெளியில. வெளியில நடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் தினம் கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்கும் காத்துக்கும் பழக்குங்க.

இந்த வேலையெல்லாம் வேண்டாம்னா அதைவிட சோம்பேறி வழி ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் பிடிக்கும். நவம்பர்ல மண்ணு நல்லா குளிர்ந்ததும் எங்க செடி வேணுமோ அங்க மண்ணை லேசா கிளறி விதையைத் தூவி காலால ஒரு அமுக்கு, அவ்ளோதான், மிச்சத்தை பனி பாத்துக்கும். அணிலும் பறவையும் கொஞ்சம் எடுத்துக்கும்னு கணக்கு வச்சு கூடுதலா தூவுங்க. அது பயம்னா காலி பால் கேனை இடுப்புல வெட்டி, அடியில ஓட்டை போட்டு, மண் நிரப்பி விதை போட்டு டேப் ஒட்டி, மூடியைத் தூக்கிப் போட்டுட்டு, ஜனவரியில பேக்யார்டு பனியிலயே வச்சுடலாம். ஏப்ரல் கடைசி, மே மாசம் தன்னால முளைக்கும்.

இப்ப உங்ககிட்ட இருக்குற தொட்டியைக் கொட்டிடாதீங்க. சில விதை அழுகியிருக்கும், மிச்சம் இன்னும் பூட்டோட கிடக்கும். ஒரு கவரால மூடி ஃப்ரிட்ஜ்லயோ, வெளியில இன்னும் குளிர் இருந்தா அங்கயோ ஒரு மாசம் வச்சுப் பாருங்க.

மிசிசாகா வாசகி: எங்க பேக்யார்டு ரொம்ப சின்னது, தோண்டினா வெறும் களிமண். மில்க்வீட்ல மூணு வகை இருக்காமே, எதைப் போடறது? காமன் மில்க்வீட் போட்டா பக்கத்து வீட்டு லான்லயும் கிளம்பிடும், சண்டை வரும்னு எங்க வீட்டுக்காரர் பயமுறுத்தறார்.

இந்த ஒரு விஷயத்துல அவர் சொல்றது சரி. ஒண்டாரியோவுல மூணுக்கு மேலயே உண்டு, ஆனா வீட்டுத் தோட்டத்துக்கு சுலபமா கிடைக்கிறது இந்த மூணுதான். காமன் மில்க்வீட் மண்ணுக்கடியில வேரை ஓட விட்டு நாலடி தள்ளி எட்டிப் பாக்கும், வயல் ஓரம், பார்க் ஓரம், பெரிய காலி இடம் இருக்கறவங்களுக்கு அதைவிட நல்ல செடி கிடையாது, இலை பெருசு, மொனார்க்குக்கு ரொம்பப் பிடிக்கும். உங்க அளவு இடத்துக்கு அது வேண்டாம்.

உங்க களிமண்ணுக்குன்னே இருக்கறது ஸ்வாம்ப் மில்க்வீட். பேரைக் கேட்டு சதுப்பு நிலம் வேணுமோன்னு பயப்படாதீங்க, சாதாரணத் தோட்ட மண்ணுலயே நல்லா வரும், வெயில் காலத்துல தண்ணி மட்டும் காயாம பாத்துக்கணும். மூணு நாலு அடி உயரம், ரோஸ் கலர் பூ, லேசா ஒரு இனிப்பு வாசனை, ஒரே இடத்துல புதரா நிக்கும், ஓடாது. மூணாவது பட்டர்ஃப்ளை மில்க்வீட், பளீர் ஆரஞ்சுப் பூ, ஒரு முழம் ரெண்டு முழம் உயரம், மத்ததுல வர்ற வெள்ளைப் பால் இதுல வராது. மணல் கலந்த காய்ஞ்ச மண்ணு அதுக்கு வேணும், உங்க களிமண்ணுல வேர் அழுகிடும். முன்வாசல்ல நடைபாதை ஓரம் சுள்ளுன்னு வெயில் அடிக்கிற இடம் இருந்தா அங்க போடுங்க. ஆனா அதோட கிழங்கு வேர் ஆழமா போகும், ஒரு தடவை நட்டா இடம் மாத்தக் கூடாது, நாத்தையும் ஆழமான தொட்டியில வளர்த்து வேர் கலையாம எடுத்து நடணும்.

விதையிலேர்ந்து வர்றது முதல் வருஷம் குச்சி மாதிரிதான் நிக்கும், பூ பெரும்பாலும் ரெண்டாவது வருஷம். ஆனா புழுவுக்கு வேண்டியது பூ இல்ல, இலை. அதுவும் ஒரு செடி போதவே போதாது, முட்டையிலேர்ந்து வந்தப்போ இருந்த எடையை ரெண்டு வாரத்துக்குள்ள ரெண்டாயிரம் மடங்கு ஆக்கற ஜீவன் அது, ஒரு நாத்தை மொட்டை அடிச்சுட்டு பட்டினியா நிக்கும். அஞ்சாறு செடி பக்கத்துல பக்கத்துல வைங்க.

பக்கத்து வீட்டுக்காரர் 'இது சட்டப்படி களை'ன்னு சொன்னா, அது பழைய கதை. ஒண்டாரியோ 2014லயே மில்க்வீட்டை களைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுச்சு. செடியா வாங்கறதா இருந்தா நர்சரியில ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நியோநிக் பூச்சி மருந்து போட்டு வளர்த்ததான்னு. அந்த மருந்து செடிக்குள்ளயே ஊறி இலைக்கு வந்துடும், தின்ன புழு செத்துடும். தெளிவா பதில் சொல்லலைன்னா வாங்காதீங்க, நாட்டுச் செடி மட்டும் விக்கற சின்ன நர்சரிங்க இப்ப நிறைய இருக்கு.

ஏஜாக்ஸ் வாசகர்: உந்த மில்க்வீட்டைப் பார்க்க எங்கட ஊரில வேலிக்கரையில நிண்ட எருக்கலை போலவே கிடக்கு. முறிச்சாப் பால் வருது, காய் வெடிச்சுப் பஞ்சு பறக்குது. இரண்டும் ஒண்டோ? ஊருக்குப் போகேக்கை எருக்கலை விதை கொண்டு வந்து இஞ்ச போடலாமோ? பிள்ளையாருக்கு மாலை கட்டவும் ஆகுமெல்லோ.

ஒண்ணு இல்ல அண்ணே, ஆனா சொந்தக்காரங்க. ரெண்டும் ஒரே குடும்பம், அதே பால், அதே பஞ்சு, பூவோட அமைப்புகூட ஒரே மாதிரி. சொந்தம் அதோட நிக்கல, ஊர்ல எருக்கு இலையில கறுப்பு வெள்ளை மஞ்சள் வளையம் போட்ட ஒரு புழு இருக்குமே, அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு. அந்த வெந்தய வரியனும் இங்க இருக்குற மொனார்க்கும் ஒரே பேரினம், பாத்தா அண்ணன் தம்பின்னு சொல்லிடலாம். ரெண்டு புழுவும் அந்தப் பால்ல இருக்குற விஷத்தை உடம்புல சேத்து வச்சுக்குது, அந்த விஷம் இதயத்தைத் தாக்குற வகை, ஒரு தடவை தின்னுட்டு வாந்தி எடுத்த பறவை அப்புறம் அந்த நிறத்தைப் பாத்தாலே கிட்ட வராது.

விதை கொண்டு வர்ற யோசனையை மட்டும் விட்டுடுங்க. வெளிநாட்டு விதைக்கு ஏர்போர்ட்ல விதிமுறை இருக்கு, அது ஒரு பக்கம், எருக்கு இந்த ஊர் முதல் உறைபனியையே தாங்காது. பிள்ளையாருக்கு எருக்குக்குப் பதிலா மில்க்வீட் பூ ஆகுமான்னு நான் தீர்ப்பு சொல்ல முடியாது, உங்க கோயில் ஐயரைக் கேளுங்க. என் கருத்து, ஜூலையில அந்தப் பூவை வண்டுக்கும் தேனீக்கும் விட்டுட்டு பிள்ளையாருக்கு அருகம்புல்லே போதும்.

ஹூஸ்டன் வாசகி: எங்க ஊர் நர்சரியில சிவப்பும் மஞ்சளுமா பூக்கற மில்க்வீட் வாங்கி வெச்சேன். டிசம்பர்லகூட பூக்குது, மொனார்க் நிறைய வருது. ஆனா ஒரு கூட்டுலேர்ந்து வெளிய வந்தது சிறகே விரியாம கீழ விழுந்துடுத்து. ஃப்ரெண்ட்ஸ் செடியைப் பிடுங்கச் சொல்றா. அழகான செடி, மனசு வரல.

உங்ககிட்ட இருக்கறது ட்ராபிக்கல் மில்க்வீட், மெக்சிகோ, அதுக்குத் தெக்க இருக்குற வெப்ப நாடுகள்லேர்ந்து வந்தது, டெக்சாஸ் செடி இல்ல. மொனார்க்குக்கு ஓஈன்னு சுருக்கமா சொல்ற ஒரு ஒட்டுண்ணி இருக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒத்த செல் கிருமி. நோய் பிடிச்ச பட்டாம்பூச்சி இலையில உக்காரும்போதும் முட்டை போடும்போதும் அதோட தூள் உதிரும், புழு அந்த இலையோட சேத்து அதையும் முழுங்கும், ரொம்ப அதிகமா போச்சுன்னா நீங்க பாத்த மாதிரி சிறகு சுருண்டு வெளிய வரும். சிறகு சுருங்க வேற காரணமும் உண்டு, கூடு கீழ விழுந்தாலும் ஆகும், ஆனா ஹூஸ்டன், வருஷம் பூரா பச்சையா நிக்கிற செடின்னா முதல் சந்தேகம் ஓஈதான்.

நாட்டு மில்க்வீட் குளிர்காலத்துல தரையோட காய்ஞ்சு போகும், அதோட அந்தக் கிருமித் தூளும் போயிடும், வசந்தத்துல வர்ற இலை சுத்தமா இருக்கும். உங்க செடி காயறதே இல்லையா, கிருமி மேல கிருமியா சேருது. இன்னொண்ணு, தெக்க போக வேண்டிய பட்டாம்பூச்சி இந்தப் பச்சையைப் பாத்து அங்கயே தங்கி முட்டை போட ஆரம்பிச்சுடுது.

பிடுங்க மனசு வரலன்னா அக்டோபர்ல தரையிலேர்ந்து அரை அடி விட்டு வெட்டுங்க, குளிர்காலம் முழுக்க துளிர்க்கத் துளிர்க்க வெட்டிட்டே இருங்க. ஆனா அது நிரந்தரத் தீர்வு இல்ல, பக்கத்துலயே டெக்சாஸ் நாட்டுச் செடிங்களை விதை போட்டு ஆரம்பிங்க, கிரீன் மில்க்வீட், ஆன்டலோப் ஹார்ன்ஸ், ஜிசோட்ஸ் இதெல்லாம் அந்த ஊர் மண்ணுக்குப் பழகினது. அதுங்க நிலைச்சதும் சிவப்பை எடுத்துடுங்க. இங்க கனடாவுல அதே செடி முதல் உறைபனியில செத்துடுது, அதனால எங்களுக்கு அந்த அளவு தலைவலி இல்ல, இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பிராம்ப்டன் வாசகர்: செடி நல்லா வந்துச்சு சார், ஆனா தண்டு முழுக்க மஞ்சக் கலர்ல பொடிப் பொடியா பூச்சி. இலையெல்லாம் ஓட்டை வேற. வேப்பெண்ணெய் கலந்து அடிக்கலாமா? ஊர்ல எல்லாத்துக்கும் அதானே.

அடிக்காதீங்க! ஓட்டை போட்டது மொனார்க் புழுவாத்தான் இருக்கும், அதுக்காகத்தானே செடியே வச்சீங்க. வேப்பெண்ணெய்ல இருக்குற சத்து புழு தோல் உரிக்கறதையே நிறுத்திடும், ஊர்ல கத்திரிக்காய்ப் புழுவுக்கு அது நல்ல மருந்தா இருக்கறதுக்கு காரணமே அதான். பி.டி. (Bt)ங்கற பாக்டீரியா மருந்து ஒண்ணை இயற்கை மருந்துன்னு விக்கறாங்க, அதுவும் புழுவைக் கொல்றதுக்குன்னே இருக்கறது, அதுவும் வேண்டாம்.

மஞ்சப் பூச்சி அரளி அசுவினி. நம்ம ஊர் அரளியிலயும் எருக்குலயும் அப்பிட்டு இருக்குமே, அதே ஆள்தான், எல்லாமே பொண்ணு, ஆண் துணையே இல்லாம குட்டி போட்டுட்டே போகும், அதனாலதான் நேத்து பத்து இருந்தது இன்னைக்கு நூறா தெரியுது. பாக்க அசிங்கமா இருக்குமே தவிர நல்லா வளர்ந்த செடியைக் கொல்லாது. முதல்ல இலைக்கு அடியில முட்டை இருக்கான்னு பாருங்க, குண்டூசித் தலை அளவுல வெள்ளையா ஒத்தை ஒத்தையா இருக்கும். முட்டையோ புழுவோ இல்லாத தண்டா பாத்து ஹோஸ்ல தண்ணியை வேகமா பீச்சுங்க, இல்ல விரலால நசுக்கி விடுங்க. சோப்புத் தண்ணியும் புழு இருக்குற செடியில வேண்டாம். ஆகஸ்ட் வாக்குல கறுப்பு வெள்ளை ஆரஞ்சு முடியோட கூட்டமா ஒரு கம்பளிப்பூச்சி வரும், அதுவும் இந்த மண்ணோட உயிர்தான், மில்க்வீட் டசக் அந்துப்பூச்சின்னு பேரு, விட்டுடுங்க.

மார்க்கம் வாசகி: எங்கட பின் வேலியில ஒரு கொடி சுத்திப் படருது. மெல்லிய காய், வெடிச்சா மில்க்வீட் போலப் பஞ்சு. தானா வந்த மில்க்வீட் எண்டு சந்தோசப்பட்டு விட்டுட்டன். சரிதானே?

ஐயோ இல்ல அக்கா. இங்க பாக்கற எந்த மில்க்வீட்டும் கொடியா சுத்தாது, நிமிந்து நிக்கும். சுத்திப் படருதுன்னா அது டாக் ஸ்ட்ராங்லிங் வைன், ஐரோப்பாவுலேர்ந்து வந்து ரூஜ் பள்ளத்தாக்கு, டான் பள்ளத்தாக்குன்னு எல்லாத்தையும் மூடிட்டு இருக்கு. மில்க்வீட்டோட அதே குடும்பம்ங்கறதால மொனார்க்கே ஏமாந்து அதுல முட்டை போடும், வந்த புழு அதைத் தின்ன முடியாம செத்துடும். சுண்டு விரல் நகம் அளவுல ரோஸ் இல்ல கருஞ்சிவப்புப் பூ, எதிரெதிரா பளபளன்னு கூரான இலை, இதுதான் அடையாளம். இதுதான் இப்ப ஒண்டாரியோ களைப் பட்டியல்ல இருக்கு. வெட்டி விட்டா திரும்பத் துளிர்க்கும், மழை பெஞ்ச மறுநாள் மண் இளகியிருக்கும்போது வேர்க்கட்டையோட தோண்டி எடுங்க. காய் வந்துட்டா காயை மட்டுமாவது இன்னைக்கே பறிச்சு பையில கட்டி குப்பைக்கு அனுப்புங்க, கம்போஸ்ட்ல போடாதீங்க.

பிக்கரிங் வாசகி: எட்டு வயசு மகள் நாலஞ்சு புழுவைப் பிடிச்சு வீட்டுக்குள்ள டப்பாவுல வளர்க்கணும்னு அடம்பிடிக்கிறா. பாட்டில்ல வளர்த்து பறக்க விட்டா மொனார்க்குக்கு நல்லதுதானே? இது நிஜமாவே மெக்சிகோ வரைக்கும் பறக்குமா?

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன், ஏன்னா அந்தக் கதை உங்க பக்கத்து ஊர்லதான் நடந்தது. இந்தப் பட்டாம்பூச்சிங்க குளிர்காலத்துல எங்க போகுதுன்னு வெளியுலக விஞ்ஞானிங்க யாருக்கும் ரொம்ப காலம் தெரியாது. டொராண்டோ பல்கலைக்கழகத்தோட ஸ்கார்பரோ காலேஜ்ல பேராசிரியரா இருந்த ஃப்ரெட் அர்கார்ட்டும் அவர் மனைவி நோராவும் சிறகுல சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, கண்டம் முழுக்க ஆர்வலர்களைச் சேத்து பல பத்து வருஷம் தேடினாங்க. கடைசியில அவங்களுக்காகத் தேடின கென் ப்ரக்கரும் கேத்தலினாவும் 1975 ஜனவரி 2ஆம் தேதி மெக்சிகோவுல மிச்சோகான் மலைக்காட்டுல கண்டுபிடிச்சாங்க, மரமே தெரியாத அளவுக்கு கோடிக்கணக்குல மொனார்க். அந்த மலைக் கிராமத்துக்காரங்களுக்கு தலைமுறை தலைமுறையா தெரிஞ்ச விஷயம்தான், அவங்களை யாரும் கேக்கல, அவ்ளோதான்.

ஆகஸ்ட் பாதிக்கு மேல நம்ம ஊர்ல பிறக்கறது மட்டும்தான் அங்க போகும், நாலாயிரம் கிலோமீட்டர் மாதிரி. கோடையில பிறக்கற மொனார்க் ரெண்டுலேர்ந்து அஞ்சு வாரம் வாழும், இந்தக் கடைசித் தலைமுறை மட்டும் எட்டு மாசம் வரைக்கும் உயிரோட இருந்து, வசந்தத்துல பாதி வழி திரும்பி வந்து முட்டை போட்டுட்டு சாகும். அதுங்களோட பிள்ளையும் பேரப்பிள்ளையும்தான் ஜூன்ல நம்ம தோட்டத்துக்கு வர்றது. அங்க தலையை எண்ண முடியாதுன்னு காட்டுல எவ்வளவு பரப்புல உக்காந்திருக்குன்னு அளக்கறாங்க: 1996-97 குளிர்காலத்துல 18 ஹெக்டேர், 2013-14ல வெறும் 0.67, 2023-24ல 0.90, அதுக்கு அடுத்த வருஷம் 1.79.

மகள் விஷயத்துக்கு வருவோம். சிகாகோ பல்கலைக்கழகத்துல 2019ல வந்த ஆய்வுல, வீட்டுக்குள்ள வளர்ந்த மொனார்க்குக்கு தெக்கு திசை தெரியலன்னு சொன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு நம்ம குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்காரங்க வளர்த்ததை வெளிய விட்டு ரேடியோ கருவி வச்சுப் பின்தொடர்ந்தாங்க, கொஞ்ச நாள்ல சரியா தெக்கதான் போச்சு. அதனால ஒரு குழந்தை ஒரு புழுவை வளர்த்தா உலகம் கெட்டுடாது. ஆனா டஜன் கணக்குல நெருக்கி அடைச்சா நான் மேல சொன்ன ஓஈ பரவும், அதுவும் போக ஒண்டாரியோவுல மொனார்க் தனிப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு, கூட்டமா வளர்க்கறது இஷ்டத்துக்குப் பண்ற வேலை இல்ல. ஒரே ஒரு புழு மட்டும், வலைக்கூண்டு, நிழலான வெளி வராந்தா, தினம் புது இலை, தினம் எச்சம் சுத்தம். முட்டை நாலு நாள், புழு ரெண்டு வாரம், தங்கப் புள்ளி வச்ச பச்சைக் கூடு இன்னொரு ரெண்டு வாரம் வரைக்கும். மிச்ச நாலையும் செடியிலயே விட்டுட்டு தினம் காலையில ஒரு லென்ஸோட போய்ப் பாக்கச் சொல்லுங்க. பெரும்பாலானதை எறும்பும் சிலந்தியும் தின்னுடும், அதையும் அவ பாக்கட்டும்.

நார்த் யார்க் வாசகர்: கொண்டோ பால்கனியில தொட்டியில வளருமா? குளிருக்கு உள்ள எடுத்து வைக்கணுமா?

வளரும், ஸ்வாம்ப் வகை போடுங்க, ஒரு அடிக்கு மேல ஆழமான பெரிய தொட்டி, தினம் தண்ணி. குளிருக்கு வீட்டுக்குள்ள மட்டும் எடுக்காதீங்க, விதை மாதிரியே செடிக்கும் உறக்கம் வேணும். இலை காய்ஞ்சதும் தொட்டிங்களைச் சுவரோரம் நெருக்கி வச்சு சாக்கு சுத்தி விடுங்க, ஏன்னா தரையில இருக்குற வேரை விட தொட்டி வேருக்கு குளிர் நாலு பக்கமும் தாக்கும். செத்துடுச்சுன்னு தொட்டியை மட்டும் காலி பண்ணிடாதீங்க.

விட்பி வாசகி: மில்க்வீட் பால் கண்ணில பட்டா ஆபத்தோ? வீட்டில நாயும் இருக்கு.

கண்ணுக்கு ஆபத்துதான், கண்ணோட மேல்படலம் வீங்கி பார்வை மங்கலாகும். பட்டுட்டா நிறைய தண்ணியில கழுவிட்டு டாக்டர்கிட்ட போங்க, தாமதிக்க வேண்டாம். இலையைத் தொட்டா கை கழுவற வரைக்கும் முகத்துப் பக்கம் கை போகக் கூடாது, கையுறை போட்டுக்கறது இன்னும் நல்லது. கசப்புங்கறதால நாய் பொதுவா திங்காது, ஆனா எல்லாத்தையும் கடிக்கிற குட்டியா இருந்தா வேலி போடுங்க.

ஸ்கார்பரோ, இன்னொரு வாசகர்: எங்கட தெருவில எல்லாருக்கும் விதை குடுக்க விருப்பம். காயை எப்ப பறிக்கிறது? பறிச்சால் வீடு முழுக்கப் பஞ்சு பறக்குது, மனுசி ஏசுறா.

காய் பச்சையா இருந்தாலும் பரவாயில்ல, நடுவுல இருக்குற கோட்டை லேசா அமுக்கிப் பாருங்க, தானா பிளந்து உள்ள விதை காப்பிக் கலர்ல இருந்தா ரெடி, வெள்ளையா இருந்தா விட்டுடுங்க, பறிச்சு வச்சாலும் பழுக்காது. முழுசா வெடிக்கறதுக்கு முன்னாடி பிளந்து, பஞ்சோட நுனியை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுட்டு மறு கை விரலால விதையை மட்டும் கீழ்ப்பக்கமா உருவினா பஞ்சு கையிலயே நிக்கும், அக்கா ஏச மாட்டாங்க. வெடிச்சதா இருந்தா காகிதப் பையில போட்டு சில்லறைக் காசோட சேத்துக் குலுக்குங்க, விதை அடியில தங்கிடும், அதையும் வெளியில வச்சே பண்ணுங்க. ஒரு வாரம் நிழல்ல காய வச்சு காகித உறையில போட்டுக் குடுக்கலாம், குடுக்கும்போதே ஈரக் குளிர் விஷயத்தையும் எழுதிக் குடுத்துடுங்க. எல்லாக் காயையும் பறிச்சுடாதீங்க, ஆரஞ்சு கறுப்பு மில்க்வீட் பூச்சி அந்த விதையை நம்பித்தான் இருக்கு.

அந்தப் பஞ்சை லேசா நினைக்காதீங்க. ரெண்டாம் உலகப் போர்ல ஜாவாவுலேர்ந்து வந்துட்டிருந்த இலவம் பஞ்சு ஜப்பான் அந்தத் தீவைப் பிடிச்சதும் நின்னு போச்சு, கடற்படை உயிர்காப்புச் சட்டைக்குள்ள அடைக்க வேற வழி இல்லாம அமெரிக்காவுல 1944ல பள்ளிக்கூடப் பிள்ளைங்களை விட்டு மில்க்வீட் காயை மூட்டை மூட்டையா பறிக்க வச்சாங்க. ரெண்டு மூட்டைக் காய்க்கு ஒரு சட்டைன்னு கணக்கு.

ஓக்வில் வாசகி: போன வருஷம் வைத்த பட்டர்ஃப்ளை மில்க்வீட் இந்த மே மாதம் வரவேயில்லை. மற்றச் செடியெல்லாம் துளிர்த்துவிட்டது. அந்த இடத்தில் வேறு ஏதாவது நடவா?

நடாதீங்க, மம்மட்டியைத் தள்ளி வைங்க. தோட்டத்துலயே கடைசியா எழுந்திரிக்கிற ஆள் அதுதான், டியூலிப் எல்லாம் பூத்து உதிர்ந்த அப்புறமும் தரை மொட்டையாவே கிடக்கும், மே கடைசி, சில இடத்துல ஜூன்லதான் மூக்கைக் காட்டும். செத்துடுச்சுன்னு தோண்டி அந்தக் கிழங்கு வேரை ரெண்டா வெட்டிடறவங்கதான் அதிகம். ஜூன் பாதி வரைக்கும் பொறுங்க, மண்ணை அடிக்கடி நனைக்க வேண்டாம். வந்ததும் பக்கத்துல ஒரு குச்சியை நட்டு வச்சுடுங்க, இலையுதிர்காலத்துல காய்ஞ்ச தண்டையும் வெட்டாம விட்டுட்டா அடுத்த வருஷம் இடம் தேட வேண்டியதில்ல.